யாங்கோன் புளிச்சக்கீரையும் எங்கட பத்து வீதக் கழிவும்

போன மாதம் பேர்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் விழா. வழமைபோல மண்டபத்தின் பின்பக்கத்தில் ஆம்பிளையள் ஐந்தாறு பேர் நின்று நாட்டு நடப்புக் கதைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்சக் காலத்துக்கு முதல் பர்மாவுக்குப் போய் வந்த ஒருவர் சொன்னார்.

"யாங்கோனிலை மரக்கறி எல்லாம் இயற்கைதான் அண்ணை. சனத்திட்டை உரம் வாங்கக் காசில்லை. நாங்கள் இஞ்சை ரெண்டு மடங்கு குடுத்து வாங்கிற பயோவை அங்கை ஏழையள் சும்மா சாப்பிடுகினம்."

எனக்கு வாய்க்குள் இருந்த ரோல்ஸ் இறங்கவில்லை. விழா வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்று பேசாமல் நின்றேன். அந்தச் சண்டையை இப்போது பிடிக்கப் போகிறேன்.

2019இல் நான் ஏழு கிழமை யாங்கோனில் இருந்தவன். சுற்றுலாவுக்குப் போகவில்லை. அங்கே வேலை பார்த்த மச்சான் ஒருவனுக்கு சத்திரசிகிச்சை. சமைத்துப் போட ஆள் இல்லை. எனக்கு அப்போது வேலை இல்லை. "நீ சும்மாதானே இருக்கிறாய், போ" என்று வீட்டில் அனுப்பி விட்டார்கள். ஆகவே ஏழு கிழமையும் என்னுடைய உத்தியோகம் சந்தைக்குப் போவதும் சோறு கறி வைப்பதும்தான். ஒரு நகரத்தைப் பற்றி அறிய அதைவிட நல்ல உத்தியோகம் இல்லை.

மச்சானின் மாடிக்குக் கீழ் வீட்டில் ஒரு தமிழ்ப் பெரியவர் இருந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் தம்பி என்பார். தெயின்ஜி சந்தைக்கும் அதை ஒட்டிய 26ஆம் தெருவுக்கும் முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். காளி கோயில் கிட்ட. கீரை விற்கிற மனுசியிடம் தமிழில் விலை கேட்கலாம். அங்கேதான் புளிச்சக்கீரையைக் கண்டேன். பர்மியர் அதைச் சின்பவுங் என்பார்கள். இறாலோடோ மூங்கில் குருத்தோடோ வதக்குவார்கள். மச்சானுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

ஒருநாள் நான் அண்ணரிடம் அந்தப் பிறந்தநாள் விழாக்காரர் சொன்ன அதே கதையைச் சொன்னேன். ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான். அவர் சிரித்தார்.

"தம்பி, காசில்லாதவன்தான் அதிகமா மருந்தடிப்பான். இந்தத் தக்காளி எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?"

ஷான் மாநிலத்தின் இன்லே ஏரி. தண்ணீருக்கு மேல் மிதக்கிற பாத்திகளில் தக்காளி வளர்ப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு. அந்தப் பாத்திகளுக்குப் போகிற பூச்சிமருந்தும் உரமும் ஏரிக்குள் இறங்குவதைப் பற்றி ஆய்வாளர்கள் எத்தனையோ வருசமாக எழுதுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மருந்துப் போத்தல்களில் பர்மிய எழுத்து இல்லாததும் அங்கே பழைய பிரச்சினை. எவ்வளவு கலக்க வேண்டும் என்று வாசிக்க முடியாதவன் என்ன செய்வான்? கூடக் கலப்பான்.

இதுக்கு மேல் "ப்வேசா" என்று ஒரு ஆள் இருக்கிறார். தரகர். யாங்கோனின் திரிமிங்கலா மொத்தச் சந்தைக்கு மரக்கறி பெரும்பாலும் இப்படியான ஆட்களின் கையால்தான் போகும். விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் முற்பணம் குடுப்பார்கள். விளைந்ததை அவரிடமே குடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். இனி நீங்களே யோசியுங்கள். பயிர் பூச்சியால் போனால் கடன் போகுமா? போகாது. அப்போ கடன்காரத் தோட்டக்காரன் ஒரு தரம் அடிக்கிற இடத்தில் மூன்று தரம் அடிப்பான். வறுமை இயற்கை விவசாயத்தைக் கொண்டுவராது ஐயா. வறுமை மருந்துப் போத்தலைத்தான் கொண்டுவரும்.

*

மச்சானோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரி, சனிக்கிழமைகளில் ஒரு பூங்காவில் இயற்கை மரக்கறிச் சந்தை நடக்குது என்று சொன்னாள். போனேன். முக்கால்வாசி வெளிநாட்டுக்காரரும் காசுள்ள யாங்கோன்காரரும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. இரண்டிலும் புளிச்சக்கீரை.

முதல் மேசையில் அழகான பொதி. பச்சை இலை போட்ட ஒட்டுத்தாள். ஒரு கட்டு ஆயிரம் கியாட். 26ஆம் தெருவில் அதே அளவு இருநூறு. விற்ற பிள்ளையிடம் எங்கே விளைந்தது என்று கேட்டேன். "எங்கட கம்பனித் தோட்டம்" என்றாள். தோட்டத்தில் யார் வேலை செய்வது என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவளில் பிழை இல்லை. அவள் சம்பளத்துக்கு நிற்கிறவள்.

மற்ற மேசையில் ஒட்டுத்தாள் இல்லை. லேகு பக்கத்துத் தோட்டக்காரர் சேர்ந்து போட்ட மேசை. முந்நூறு கியாட். அண்ணர் பர்மிய மொழியில் கேட்டு எனக்குச் சொன்னார். இருபது குடும்பம் வரை. ப்வேசாவிடம் போகாமல் தாங்களே லொறி பிடித்துக் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொருவர் தோட்டத்தையும் மற்றவர்கள் போய்ப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள். இப்படி ஒருவரை ஒருவர் பார்த்துச் சாட்சி சொல்கிற முறை பிறேசிலிலும் இந்தியாவிலும்கூட அரசாங்கம் ஏற்றுக்கொண்ட முறைதான். வெளியிலிருந்து பரிசோதகரை விமானத்தில் கூப்பிட்டுக் காசு கட்ட வழியில்லாத சின்னத் தோட்டக்காரருக்கு அதுதான் சரிவரும்.

"கள்ளம் செய்ய மாட்டினமோ?" என்று கேட்டேன். நான் யாழ்ப்பாணத்தான், கேட்காமல் இருப்பேனா.

செய்திருக்கிறார்கள். போன மழைக்கு ஒருவர் இரவோடு இரவாக மருந்து அடித்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரிக்கு மணந்துவிட்டது. மற்றவர்கள் அவரைத் துரத்தவில்லை. அந்தப் போகம் முழுக்க அவருடைய மரக்கறியை இந்த மேசையில் வைக்கவில்லை, சாதாரணச் சந்தைக்கு அனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொரு சனியும் அவரும் லொறியில் வந்து மேசையில் நின்று மற்றவர்களின் மரக்கறியை விற்க வேண்டும். யாராவது கேட்டால் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அண்ணர் கண்ணால் காட்டினார். தராசுக்குப் பக்கத்தில் நின்று, எனக்கு மிச்சக்காசு எண்ணித் தந்த மனுசன்தான் அவர்.

கம்பனியின் ஒட்டுத்தாளை நான் நம்பவில்லை. அந்த மனுசனின் முகத்தை நம்பினேன். ஏழு கிழமையும் அந்த மேசையில்தான் கீரை வாங்கினேன்.

*

திரும்பி வரும்போது அண்ணரிடம், "இது நல்ல கூட்டுறவு அண்ணே" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க தம்பி. குழுன்னு சொல்லுங்க."

ஏன் என்று அறியப் பிறகு கொஞ்சம் வாசித்தேன். பர்மாவில் கூட்டுறவு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கெடுத்திருக்கிறார்கள்.

முதலில் வெள்ளைக்காரன். பிரித்தானிய இந்தியாவின் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கடன் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கினான். 1920களில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. கடுதாசியில். ஊராருக்கு அது அரசாங்கம் காசு தருகிற இடம், அவ்வளவுதான். 1928-29இல் கல்வேர்ட் குழு விசாரித்தபோது உள்ளுக்குள் எல்லாம் உழுத்துப் போயிருந்தது. மாகாணக் கூட்டுறவு வங்கியும் முறிந்தது. கமக்காரனுக்குக் கடன் குடுக்க மிஞ்சினது யார்? எங்கட ஆக்கள்தான். செட்டியார்கள். பிறகு உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை விழுந்தது. 1930இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 வீத வயல் செட்டியார்களிடம் இருந்தது. 1937 அளவில் அது 25 வீதம். அவர்களும் ஆசைப்பட்டு நிலம் வாங்கவில்லை, கடனுக்கு ஈடாக வந்து விழுந்த நிலம்தான். ஆனால் நிலம் இழந்தவனுக்கு அந்த விளக்கம் சோறு போடுமா? தமிழன் எங்கேயும் பாதிக்கப்பட்டவன் மட்டும்தான் என்று நினைக்கிற எங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

பிறகு இராணுவச் சோசலிசம். 1964இல் கடைகளைத் தேசியமயமாக்கி மக்கள் கடை என்று பெயர் வைத்தார்கள். அந்த வருசங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் கப்பலேறினார்கள், அதிலே எத்தனையோ ஆயிரம் தமிழர். 1970இல் புதிய கூட்டுறவுச் சட்டம். சங்கம் என்றால் வரிசையில் நின்று பங்கீட்டு எண்ணெய் வாங்குகிற இடம் என்று ஆனது. நெல்லை அரசாங்கம் சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். அந்தக் கட்டாயக் கொள்முதல் 1987இல் நின்று, பிறகு வேறு உருவத்தில் திரும்பி வந்து, 2003இல்தான் முடிந்தது. 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பிறகு கூட்டுறவுக்கு மறுபடியும் தனி அமைச்சு வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகைக்கு அங்கே ஒருநாளும் பஞ்சம் இல்லை.

ஆகவே லேகு தோட்டக்காரர் கூட்டுறவு என்ற சொல்லை விட்டுவிட்டுக் கூட்டுறவைச் செய்தார்கள். நாங்கள் சொல்லை வைத்துக்கொண்டு காரியத்தை விட்டுவிட்டோம்.

*

எங்கட கதைக்கு வருவோம். சங்கக்கடை ஞாபகம் இருக்கோ? கூப்பனும் பங்கீட்டு அட்டையும் கொண்டு வரிசையில் நின்ற கடை. அதற்கு முதல் அது என்னவாக இருந்தது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1930களில் யாழ்ப்பாணத்தார் பங்குக்காசு சேர்த்து மூளாயில் ஒரு கூட்டுறவு ஆஸ்பத்திரி கட்டினவர்கள். ஆஸ்பத்திரி! அதே காலத்தில் மலையாளத்துக்குப் புகையிலை விற்க ஐக்கிய சங்கம் வைத்திருந்தார்கள். வீரசிங்கம் மண்டபம் என்றால் எங்களுக்கு அரங்கேற்றமும் கூட்டமும்தான் ஞாபகம். அந்த வீரசிங்கம் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி.

அடுத்தது இயற்கை விவசாயம். அதையும் நாங்கள் செய்தவர்கள். ஆசையால் இல்லை, பொருளாதாரத் தடையால். 1990க்குப் பிறகு யூரியாவைத் தடுத்து வைத்திருந்த காலத்தில் எங்கட ஐயா தோட்டத்துக்குப் பூவரசங் குழை தாழ்த்தார். பனையோலை தாழ்த்தார். ஆட்டெரு, மாட்டெரு, சாம்பல். வெங்காயம் விளைந்தது, முந்தின அளவுக்கு இல்லை. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, ஆனால் ஐயாவின் முதுகு முறிந்தது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நான் இங்கே வந்து சேர்ந்துவிட்டேன். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் ஐயா செய்த முதல் வேலை என்ன தெரியுமோ? இரண்டு மூட்டை யூரியா வாங்கினது. கடிதத்தில் சந்தோசமாக எழுதியிருந்தார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கழுத்தில் பிடித்துத் திணித்த இயற்கையைக் கை விட்டதும் சனம் துப்பும். யூரியா கூடிக் கூடி யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தடித் தண்ணியில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது என்பதும் உண்மை. இரண்டும் உண்மை.

இதே பிழையை 2021இல் ஒரு முழு நாட்டுக்குமே செய்தார்கள். மே மாதம் ஒரு வர்த்தமானி. இரசாயன உரமும் மருந்தும் இறக்கக் கூடாது, நாடு முழுக்க ஓர்கானிக். கமக்காரனைக் கேட்கவில்லை. பசளை தயாரிக்கக் காலம் குடுக்கவில்லை. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலை கிருமி இருக்குது என்று திருப்பிவிட்டு, கடைசியில் அதற்கும் 67 லட்சம் டொலர் கட்டினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் சரிந்துவிட்டது. இன்றைக்கு ஊரில் இயற்கை விவசாயம் என்று வாய் திறந்தால் கமக்காரர் அடிக்க வருகிறார்கள். ஒரு நல்ல சொல்லை ஆறு மாதத்தில் கெடுப்பது எப்படி என்று கேட்டால் இதைக் காட்டலாம்.

கட்டளை எல்லாம் பிழை என்று நான் சொல்லவில்லை. 1995 தொடங்கி இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபோது தற்கொலைச் சாவுகள் பெருந்தொகையாகக் குறைந்தன. நஞ்சை நிறுத்த அரசாங்கத்தால் முடியும். நல்ல மண்ணை உண்டாக்கக் கட்டளையால் முடியாது. அதற்குத் தோட்டக்காரர் பத்துப் பேர் ஒன்றாகச் சேர வேண்டும். ஒருவருக்குப் பயிர் பிழைத்தால் மற்றவர் தாங்குவார் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் ஒரு மனுசன் மருந்துப் போத்தலைக் கீழே வைப்பான்.

*

"உதெல்லாம் பணக்காரற்றை விளையாட்டு" என்று சொல்கிற ஆட்களுக்கும் ஒரு பதில். பாதி உண்மை. யாங்கோனின் லைங்தாயாவில் உடுப்புத் தொழிற்சாலைக்குப் போகிற பெட்டைக்கு முந்நூறு கியாட்டும் கூடத்தான். ஆனால் மருந்தில்லாத கீரையால் முதல் தப்புவது அதைச் சாப்பிடுகிற ஆள் இல்லை. முதுகில் தாங்கி கட்டிக்கொண்டு, முகத்துக்கு ஒரு சீலைத்துண்டு சுற்றி, காற்று அடிக்கிற பக்கம் நிற்கிற ஆள். நாங்கள் கழுவிச் சாப்பிடலாம். அவன் மூச்சைக் கழுவ முடியாது. அந்த ஆளுக்கு விலையில் சொல் இல்லாத இடத்தில் ஓர்கானிக் என்பது சாப்பிடுகிறவனின் ஆரோக்கியக் கவலை மட்டும்தான்.

அதனால்தான் எனக்குப் பயோ ஒட்டுத்தாளைவிடப் பெரிய கேள்வி, விலை சொல்வது யார் என்பது. யாழ்ப்பாணத்துச் சந்தைகளின் பத்து வீதக் கழிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டு போனால் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. கமக்காரர் எவ்வளவு காலமாகக் கத்துகிறார்கள்! தராசிலேயே பத்துக் கிலோ பறிகொடுக்கிறவனிடம் போய், இயற்கையாய்ச் செய் அண்ணை, விளைச்சல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை என்று சொல்ல எங்களுக்கு என்ன வெட்கம் இல்லையோ?

சுவிஸில் இருக்கிற நாங்கள் கோப் என்று போகிற கடையின் பெயரே கூட்டுறவுதான். மிக்ரோவும் 1941 தொடக்கம் கூட்டுறவு. பயோ மரக்கறியில் இருக்கிற மொட்டு அடையாளம் அரசாங்கத்தின் அடையாளம் இல்லை, 1981இல் இயற்கை விவசாயிகளின் சங்கங்கள் சேர்ந்து உண்டாக்கின அமைப்பின் அடையாளம். வருசக்கணக்காக வண்டில் தள்ளிக்கொண்டு திரிகிறோம், ஒருநாளாவது யோசித்தோமா?

போன கிழமை அண்ணரோடு தொலைபேசியில் கதைத்தேன். சனிக்கிழமை மேசை 2020இல் கொரோனாவோடு நின்றது. 2021க்குப் பிறகு கியாட்டின் பெறுமதி மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது, உரம் எட்டாத விலை. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தின பிறகு அந்தக் குடும்பங்களின் பெடியள் தாய்லாந்துப் பக்கம் ஓடிவிட்டார்கள். பெடியள் ஓடின ஊரின் தோட்டம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஏழெட்டுப் பெண்கள் இப்பவும் கொப்பியை விடவில்லையாம். மேசை இல்லை. ஆறு தெருவுக்கு, முன்கூட்டிக் காசு கட்டின வீடுகளுக்கு மட்டும் கிழமைக்கு ஒருதரம் கீரை கொண்டுவந்து குடுக்கிறார்களாம். அண்ணரும் கட்டியிருக்கிறார். வெள்ளம் வந்து ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. காசைத் திருப்பிக் கேட்டீங்களா என்றேன்.

"எப்படித் தம்பி கேக்கிறது? அது நம்ம தோட்டமாச்சே."

அந்த ஒரு வசனம்தான் கூட்டுறவு. சட்டமும் அமைச்சும் அதற்குப் பிறகு.

ஊருக்குக் காசு அனுப்புகிற எங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கோயில் கோபுரத்துக்கும் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்கும் குடுக்கிற காசில் ஒரு பங்கை, உங்கட ஊரில் பத்துத் தோட்டக்காரர் சேர்ந்து நிற்கிற இடத்தில், விதைக்கிறதுக்கு முதல் கட்டுங்கள். உங்கட அம்மாவுக்கோ அக்காவுக்கோ கிழமைக்கு ஒரு கூடை மரக்கறி போகட்டும். விளையாத மாதம் காசைத் திருப்பிக் கேட்காதீர்கள். தராசில் கழிவு வெட்டுவதில்லை என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அப்பிடி ஒரு பத்துப் பேர் உங்கட ஊரில் இல்லையென்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஐந்து பேரையாவது ஒரு திண்ணையில் இருத்திக் கதையுங்கள். உரத்தை விடச் சொல்லிப் புத்தி சொல்ல வேண்டாம். என்ன விலை கிடைத்தால் விடுவியள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த விலையைக் குடுங்கள்.

பிறந்தநாள் விழாவில் கதைத்த தம்பி இதை வாசித்தால், கோபிக்க வேண்டாம். அடுத்த முறை யாங்கோன் போனால் சொல்லுங்கோ, அண்ணரின் விலாசம் தாறன். புளிச்சக்கீரைக் கறியோடு சோறு போடுவார். பயோவோ என்று மட்டும் கேட்டுப்போடாதேங்கோ. ஆற்றை கீரை எண்டு கேளுங்கோ. பெயர் பெயராய்ச் சொல்லுவார்.